வடமுனை மேடு

மேவிஸ் கேமுவின் முன்னால் சிரிக்கக் கூடாது என்று லாவோரா தீவில் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பார்கள். அவள் அடிக்க மாட்டாள், திட்டவும் மாட்டாள். ஆனால் யார், எந்த இடத்தில், எதற்காகச் சிரித்தார்கள் என்பதை மட்டும் மறக்கவே மாட்டாள்.

குட்டையான, அகன்ற தோள்கள் கொண்ட பெண். போரில் விழுந்த விமானத்தின் தகட்டை வெட்டி அவளுடைய தம்பி நேதன் செய்து கொடுத்த சீப்பு எப்போதும் தலையில் செருகியிருக்கும். திடலின் வடமுனைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு வள்ளிக்கிழங்குத் தோட்டம். சிப்பாய்கள் விட்டுப்போன ஓட்டை போட்ட இரும்புப் பலகைகளை வரிசையாக நட்டுப் பன்றி வராமல் வேலி அடைத்திருந்தாள். கணவன் வேறு தீவின் தென்னந்தோப்புக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு தங்கிவிட்டான். அவனை அவள் ஒரு வருத்தமாகக் கூட நினைக்கவில்லை. அவள் மனதில் இடம் வேறு சிலருக்கு முழுதாகப் போயிருந்தது. அவர்கள் ரகோசோ குடும்பம்.

திடல் என்று எல்லோரும் சொல்வது அந்த விமான ஓடுபாதையைத்தான். மேவிஸ் பிறந்தபோது அங்கே திடல் இல்லை. பாதாம்போல் உடைத்துத் தின்னும் நாலிக்கொட்டை தரும் மரங்களும் ஊற்றும் ஓலை வீடுகளும் இருந்தன. மரங்களுக்கு நடுவே, இறந்துபோன தலைவர்களின் மண்டையோடுகளை வைத்த கல்மேடு. நிலம் தாய் வழியாக வருவது. மேவிஸின் அம்மாவுக்கு அது தன் தாய்மாமன்மாரின் நிலம். முதலில் ஜப்பான்காரர்கள் வந்து தென்னைகளைச் சாய்த்தார்கள். ஊர் மொத்தமும் மலைக்காட்டுக்குள் ஓடியது. பிறகு அமெரிக்கர்கள் வந்து குண்டு போட்டார்கள், இடத்தைப் பிடித்தார்கள், ராட்சத வண்டிகளால் சுரண்டித் தள்ளினார்கள், பவளப்பாறையை உடைத்துப் பரப்பி உருளை ஓட்டினார்கள். போர் முடிந்ததும் அதே வண்டிகளைக் கடலுக்குள் உருட்டிவிட்டுக் கப்பல் ஏறிப் போய்விட்டார்கள்.

காட்டிலிருந்து ஊர் திரும்பிய நாளில் மேவிஸ் சின்னப் பிள்ளை. அம்மாவின் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கூசும் வெள்ளைத் தரை, கடல்வரை. ஒரு மரம் இல்லை, ஒரு கல் இல்லை. அம்மா அந்தச் சூட்டில் வெறுங்காலோடு இப்படியும் அப்படியும் நடந்தாள். "அடுப்பு இங்கதான் இருந்துச்சு" என்றாள். பத்தடி தள்ளிப் போய், "இல்ல, இங்க" என்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வருஷம் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், திடல் யாருடைய நிலம் என்று பதிந்துகொள்ள வந்தார். லேகி ரகோசோ எழுந்து நின்றான். போரின்போது அமெரிக்க வண்டிகளுக்கு வழிகாட்டியாகக் கூலி வேலை பார்த்தவன். கொஞ்சம் ஆங்கிலம் வரும். காலில் பூட்ஸ் வேறு. "இது எங்க குடும்பத்து நிலம்" என்றான்.

மேவிஸின் தாய்மாமன் கிட்டோ எழுந்து, "எங்க மரத்தையெல்லாம் வண்டி சாய்ச்சுடுச்சு ஐயா. எங்க மூத்தவங்க மேட்டையும் சாய்ச்சுடுச்சு" என்றார்.

லேகி இடுப்பில் கை வைத்துக்கொண்டான். "அப்ப உங்க மூத்தவன் மண்டை எங்கடா? ஏரோப்ளேன் ஏறி அமெரிக்கா போயிடுச்சா?"

கூட்டம் சிரித்தது.

அம்மா தன் கூடையிலிருந்து ஒரு பாதி வளையத்தை எடுத்தாள். பெரிய சிப்பியை அறுத்துத் தேய்த்து எடுத்த, மஞ்சள் ஓடிய பழைய வளையம். அவர்கள் வழியில் ஒரு தலைவர் இறந்தால் அவர் கழுத்து வளையத்தை இரண்டாக உடைப்பார்கள். ஒரு பாதி மண்டையோட்டின் வாயில், ஒரு பாதி அவருடைய சகோதரியிடம். அம்மா வைத்திருந்தது அவள் அண்ணன், மேவிஸின் பெரிய மாமன் வோசாவின் வளையத்துப் பாதி. அதை உள்ளங்கையில் வைத்து அதிகாரியிடம் நீட்டினாள்.

"பாதி வளையத்துக்கு என்ன கேக்குறா, பாதி நிலமா?" என்றான் லேகி. "மீதிப் பாதியைக் கொண்டாரட்டும், முழுசாத் தர்றேன்."

அதிகாரிகூடச் சிரித்தார். சிரித்த ஒவ்வொரு முகத்தையும் அந்தச் சின்னப் பிள்ளை அம்மாவின் துணிக்குப் பின்னாலிருந்து பார்த்தாள்.

அன்றிலிருந்து அவர்கள் சொந்த நிலத்தில் விருந்தாளிகள். கிழங்கு நடக் கேட்க வேண்டும், ஓலை வெட்டக் கேட்க வேண்டும். கேட்கும்போது பெயர் சொல்லக் கூடாது. "நிலத்துக்காரரே" என்று அழைக்க வேண்டும். கிட்டோ மாமன் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டேன் என்று சதுப்பு நிலத்தின் ஓரம் குடிசை போட்டுக்கொண்டு அங்கேயே காய்ச்சலில் இறந்தார். லேகிக்குப் பின் அவன் மகன் எலேசர் ரகோசோ வந்தான். அப்பனைவிட மென்மையாகப் பேசுவான், அப்பனைவிட மோசம். ஒரு கொட்டைப் பருவத்தில் நேதன் திடலின் ஓரத்தில் தப்பி முளைத்திருந்த ஒரு நாலி மரத்தடியில் கூடை நிறையப் பொறுக்கினான். கேட்காமல் பொறுக்கினான். திருட்டு என்று எலேசர் வழக்குப் போட்டான். பெரிய தீவின் சிறைக்குப் போன நேதன் திரும்பி வந்தபோது இருமலும் கூடவே வந்தது. அடுத்த பருவத்துக் கொட்டையை அவன் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது எலேசர் மேவிஸிடம் வந்து, "ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே தந்திருப்பேனே" என்றான். சொல்லிவிட்டு, லேசாகத்தான், சிரித்தான்.

*

நேதனின் மனைவி நீசா மேவிஸோடு தங்கிவிட்டாள். வாய்த்துடுக்கு அதிகம். துக்கத்தையும் வேடிக்கையாகப் பேசியே தாண்டுகிறவள். வடமுனைத் தோட்டத்தை இருவரும் சேர்ந்துதான் பெரிதாக்கினார்கள். தோட்டத்துக்கு அப்பால், கொடி மூடிய ஒரு மேடு இருந்தது. போருக்கு முந்தியதா பிந்தியதா என்று யாருக்கும் நிச்சயமில்லை. ஒரு நாள் மேவிஸ் அங்கே வேலிக்கு இரும்புப் பலகை கிடைக்குமா என்று தோண்டினாள். கடப்பாரை ணங்கென்றது. மண்ணை விலக்கினாள். விமானத் தகட்டை வெட்டிச் செய்த நீளமான பலகை. வரிசையாக ஐந்து வட்ட ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பும் உட்காருகிறவர்களுக்குக் குத்தாதபடி பக்குவமாக மடித்துவிடப்பட்டிருந்தது.

கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் மேவிஸ் சிரித்தாள். நேதன் போன பிறகு முதல் முறை. சிரித்து முடித்ததும் மண்ணைத் தள்ளி மூடினாள். காலால் மிதித்துச் சமமாக்கினாள். வீட்டுக்குப் போகும் வழியிலேயே அவளுக்கு எல்லாம் தோன்றிவிட்டது.

லாவோராவில் எந்தக் குடும்பமும் தன் மூத்தவர் மேடு எது என்று வெளியாளிடம் சொல்லாது. சொன்னால் எதிரி திருடிவிடுவான். அதனால் அடுத்தவனுடையதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, ஒளிந்து பார்ப்பது. முதல் கொட்டை விழும் காலத்தில் யார் எங்கே போய்ப் படைக்கிறார்கள் என்று பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஒரே வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவர்கள்தான், அந்தக் காலத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் புதரில் பதுங்குவார்கள்.

அந்தப் பருவத்தில் மேவிஸ் கொட்டை அரைத்துக் கலந்த மரவள்ளிக் களியை இலையில் பொதிந்துகொண்டு வடமுனை மேட்டுக்குக் கிளம்பினாள்.

"அண்ணி, கக்கூசுக்கு யாராச்சும் களி படைப்பாங்களா?" என்றாள் நீசா.

"நான் படைக்கிறேன்."

"இதுதான் எங்க மேடுனு நீங்க சொன்னா அந்த எலேசர் நம்பிடுவானாக்கும்?"

"சொன்னா நம்ப மாட்டான். மறைச்சா நம்புவான்."

அவள் மறைத்தாள். போகும்போது நின்று நின்று திரும்பிப் பார்த்தாள். பாதையில் ஆள் வந்தால் பொதியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். மேட்டின் மேல் நெருப்பு மூட்டிக் களியைச் சுட்டுப் படைத்தாள். உடைந்த சிப்பி வளையத் துண்டுகளைப் போட்டாள். மூத்தவர் மேட்டைச் சுற்றி மட்டும் நடுகிற சிவப்பிலைச் செடிகளைச் சுற்றிலும் நட்டாள். எதிரே புதர் அசைந்தபோது பார்க்காததுபோல் குனிந்துகொண்டாள். யாரிடமும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பருவத்துக்குப் பருவம் இதையே செய்தாள். சிவப்பிலைச் செடிகள் ஆளுயரம் வளர்ந்தன. அவள் தலையும் நரைத்தது.

ஒரு வருஷம் அவள் போனபோது மேட்டின் மேல் வேறு யாரோ படைத்த சூரை மீனின் சாம்பல் இருந்தது. அதற்கடுத்த வருஷம் மேட்டைச் சுற்றி வேலி. எலேசர் வேலிக்கு உள்ளே நின்றான்.

"இது எங்க மூத்தவங்க இடம் மேவிஸ். நீ இனிமே இந்தப் பக்கம் வரக் கூடாது."

மேவிஸ் பாதையிலேயே உட்கார்ந்து மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு ஓலமிட்டாள். ஊரே கூடியது. தூக்கி எழுப்பி வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். எல்லோரும் போன பிறகு நீசா கதவைச் சாத்தினாள்.

"நல்லா அழுதீங்க அண்ணி. நானே ஒரு நிமிஷம் ஏமாந்துட்டேன்."

"அழுதது நெசம்தான். நேதனை நெனச்சுக்கிட்டேன்" என்று சொல்லி மேவிஸ் முகத்தைக் கழுவினாள்.

*

சுற்றுலா விமானங்கள் இறங்குவதற்காகத் திடலை மறுபடி திறக்கப் போவதாகத் தலைநகரிலிருந்து செய்தி வந்தது. நிலத்துக்காரருக்கு வருஷா வருஷம் குத்தகை. இந்த முறை வெள்ளைக்காரர்கள் இல்லை, தீவின் தலைவர்களே உட்கார்ந்து தீர்க்க வேண்டும் என்று ஏற்பாடு. லேகி பெயரில் பதிந்த பழைய காகிதம் மட்டும் போதாது, மேட்டைக் காட்ட வேண்டும் என்று தலைவர்கள் சொல்லிவிட்டார்கள். எலேசர் சிரித்துக்கொண்டே சம்மதித்தான்.

தலைமை தாங்கியவர் பூலே. பல் போன கிழவர், வெற்றிலை இடிக்கும் சிறு உலக்கை கையை விட்டு இறங்காது. விடிந்து வெயில் ஏறிய நேரத்தில் ஊர் முழுக்க வடமுனையில் கூடியது. எலேசர் வெள்ளைச் சட்டையும் நீளக் கால்சட்டையும் போட்டு வந்திருந்தான். அப்பனுடைய தாய்வழி மூத்தவர்களின் பெயர்களை மளமளவென்று சொன்னான். கடைசிப் பெயரைச் சொல்லி, "அவர் தலை இந்த மேட்டுக்குள்ள இருக்கு" என்றான். பிறகு வழக்கப்படி மேட்டின் மேலேயே களியைச் சுட்டு, அங்கிருந்தே பிய்த்து, கூட்டம் பார்க்க ஒரு வாய் தின்றான். அதுதான் சத்தியம். பொய்யென்றால் தின்றது அவனைத் தின்னும்.

அவன் தொண்டை ஏறி இறங்குவதை மேவிஸ் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவு ருசியான காட்சியை அவள் வாழ்நாளில் கண்டதில்லை.

"யாருக்காவது மறுப்பு இருக்கா?" என்றார் பூலே.

மேவிஸ் எழுந்தாள். கூடையிலிருந்து அம்மாவின் பாதி வளையத்தை எடுத்துப் பாயில் வைத்தாள். கூட்டம் சலசலத்தது. அடுத்தவன் மேட்டைத் திறந்து பார்க்கக் கேட்கிறவர் தன் குடும்பத்தின் மிகப் பெரிய பொருளைப் பணயம் வைக்க வேண்டும். உள்ளே மண்டை இருந்துவிட்டால் பொருள் போகும். அதோடு, கேட்டவர் தன் ஆட்களோடு அன்றே படகேறித் தீவை விட்டே போக வேண்டும்.

"யோசிச்சுத்தான் வைக்கிறியா?" என்றார் பூலே.

"ரொம்ப நாளா யோசிச்சுட்டேன் மாமா. அவனோட மூத்தவன் மண்டை எங்கனு காட்டச் சொல்லுங்க. ஏரோப்ளேன் ஏறி அமெரிக்கா போயிடுச்சா?"

வயதானவர்கள் சிலர் தலை நிமிர்ந்தார்கள். அந்தப் பேச்சு அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. எலேசர் மறுப்பான், புனித இடம் என்று கத்துவான் என்று மேவிஸ் எதிர்பார்த்திருந்தாள். அவன் கத்தவில்லை. "தோண்டிக்கங்க" என்றான்.

இரண்டு ஆட்கள் மண்ணை விலக்கினார்கள். அதிகம் தோண்ட வேண்டியிருக்கவில்லை. ஒரு மண்டையோடு வந்தது. பழுப்பேறிய, நிஜமான மனிதத் தலை.

கூட்டம் "ஓ" என்றது. நீசா மேவிஸின் கையை நகம் பதிய இறுக்கினாள். "அண்ணி, இது எங்கேர்ந்து வந்துச்சு?"

எலேசர் மேவிஸைப் பார்த்து மென்மையாகக் கேட்டான். "படகைத் தண்ணில தள்ளச் சொல்லட்டுமா?" அதே லேசான சிரிப்பு.

மேவிஸ் வளர்த்த சிவப்பிலைச் செடிகள் அவளைச் சுற்றி நின்றன. கிட்டோ மாமனின் குடிசையை நினைத்தாள். பிறகு கடப்பாரையின் அந்த ணங் என்ற சத்தத்தை நினைத்தாள்.

"இன்னும் தோண்டுங்க" என்றாள்.

"மண்டைதான் வந்தாச்சே!" என்றான் எலேசர். முதல் முறையாகக் குரல் உயர்ந்தது.

"மண்டை போருக்கு முந்தி வச்சதுனு சொல்றான். மண்டைக்குக் கீழ இருக்கறது அதுக்கும் முந்தினதா இருக்கணும். என்ன இருக்குனு பாத்துருவோம்."

பூலே உலக்கையால் தரையைத் தட்டினார். தோண்டினார்கள். ணங்கென்றது. இருவர் இரண்டு முனையையும் பிடித்து மண் உதிர வெளியே இழுத்தார்கள். வெயிலில் தகடு பளிச்சிட்டது. ஐந்து ஓட்டைகள்.

யாருக்கும் புரியவில்லை. பூலே மட்டும் எழுந்து கிட்டே வந்தார். மடித்த விளிம்பை விரலால் தடவினார்.

"அடப் பாவிகளா" என்றார். "இதைத் தெனம் கழுவினதே நான்தான்டா! அமெரிக்காக்காரன் கக்கூசு! ஓரத்து ஓட்டை அவங்க தலைவனுக்கு. மத்தவன் உக்காந்தா சுடுவான்!"

சிரிப்பு வெடித்தது. பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். பின்னாலிருந்து ஒருவன், "எலேசரு, களி எப்படிய்யா இருந்துச்சு?" என்று கத்தினான். இன்னொருவன், "உங்க மூத்தவர் எந்த ஓட்டைல உக்காருவாரு?" என்றான். எலேசர் வாயைத் துடைத்தான், மறுபடி துடைத்தான், திரும்பிக்கொண்டு துப்பினான். மேவிஸ் சிரிக்கவில்லை. ஒவ்வொரு சிரிப்பையும் அது அவன் மேல் விழும் இடத்தில் பார்த்து நின்றாள். ஒன்றும் வீணாகக் கூடாது.

மண்டையோட்டைக் கையில் வைத்திருந்த ஆள் மண்ணைத் தட்டினான். வாய்ப்பக்கமிருந்து ஏதோ நழுவிப் பாயில் விழுந்தது. மஞ்சள் ஓடிய சிப்பி வளையத்தின் பாதி.

பூலே குனிந்து அதை எடுத்தார். மேவிஸ் வைத்த பாதியையும் எடுத்தார். இரண்டையும் சேர்த்தார். மயிரிழை இடைவெளி இல்லாமல் வளையம் மூடிக்கொண்டது. சிரிப்பு பின்வரிசை வரை அடங்கியது.

"எலேசர்," என்றார் கிழவர், "இந்த மண்டை உனக்கு எப்படிக் கிடைச்சுச்சு?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. அப்பன் குகைக்குள்ள வச்சிருந்தான். வண்டி வர்றதுக்கு முந்தியே மேட்டுலேர்ந்து எடுத்து வச்சேன்னான்... மேடு எந்த இடம்னு எனக்குத் தெரியாது, இவ இங்கதான் படைச்சா, அதான் நான்..." என்று சொல்லிக்கொண்டே போனவன், தான் சொல்வது தன் காதில் விழுந்ததும் நின்றான்.

லேகிக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா பாதி வளையத்தை நீட்டியபோது, மீதிப் பாதி எந்தக் குகையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேதான் அவன் அப்படிக் கேட்டிருக்கிறான்.

மேவிஸ் எலேசரின் முகத்துக்கு எதிரே வந்து நின்றாள். "மீதிப் பாதியைக் கொண்டாந்தா முழுசாத் தர்றேன்னு உங்க அப்பன் சொன்னான். நீயே கொண்டாந்துட்ட. குடு."

*

தீர்ப்புக்கு நேரம் பிடிக்கவில்லை, திடல் மேவிஸின் குடும்பத்துக்குத் திரும்பியது. பொய்ச் சத்தியம் செய்தவனைத் தீவை விட்டு அனுப்பலாமா என்று தலைவர்கள் மேவிஸிடம் கேட்டார்கள்.

"அனுப்பாதீங்க" என்றாள். ஊர் அதை அவளுடைய பெரிய மனசு என்று நினைத்தது, அவள் அடுத்ததைச் சொல்லும்வரை. "இங்கயே இருக்கட்டும். வேலிய ஒட்டித் தோட்டம் போட்டுக்கட்டும். எது வேணும்னாலும் கேட்டு எடுத்துக்கட்டும். எப்படிக் கேக்கணும்னு அவனுக்குத் தெரியும்."

பெரிய மாமன் வோசாவின் தலையை அவள் மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கடலில் கழுவினாள். மறுநாளும் கழுவினாள். நல்ல தண்ணீரில், எலுமிச்சை இலை போட்ட தண்ணீரில், தேங்காய்ப் பால் தடவி.

"வாடையே இல்ல அண்ணி" என்றாள் நீசா. பிறகு, வேடிக்கை இல்லாத குரலில், "நீங்க அங்க படைக்காம இருந்திருந்தா அவன் இவரை அந்த எடத்துல வச்சிருக்க மாட்டான்ல?" என்றாள்.

அதை மேவிஸ் அன்றைக்கே, வளையம் மூடிய கணத்திலேயே கண்டுகொண்டிருந்தாள். தேய்த்துக் கொண்டிருந்த கையை மட்டும் நிறுத்தவில்லை. அந்தப் பழியையும் தூக்கி எலேசர் மேலேயே போட்டாள். அவளுக்கு வேறு ஒன்றும் தெரியாது. ஆனால் அது அங்கே முழுதாகத் தங்கவில்லை. அதனால் மறுபடி கழுவினாள்.

முதல் கொட்டை விழும் காலம் வந்தது. திடலில் படர்ந்த கொடியை வெட்டும் வேலை தொடங்கியிருந்தது, வெள்ளைத் தரை மறுபடி கண் கூசியது. ஒரு காலையில் இரும்புப் பலகை வேலிக்கு அப்பால் எலேசர் காலிக் கூடையோடு நின்றான்.

"மேவிஸ்" என்றான்.

அவள் மண்டையோட்டை மடியில் வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அண்ணி, வாசல்ல யாரோ" என்றாள் நீசா.

"யாருனு கேளு. இந்த வீட்ல மேவிஸ்னு யாரும் இல்ல."

வேலிக்கு அப்பால் கூடை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறியது. பிறகு ஒரு செருமல்.

"நிலத்துக்காரியே" என்றான்.

"காது கேக்கல" என்றாள் மேவிஸ். துணியை நனைத்துப் பிழிந்து மறுபடி துடைக்கத் தொடங்கினாள்.